கிளினிக்கிலிருந்து மருந்தகத்துக்கு: நியூ சவுத் வேல்ஸில் மெதடோன், புப்ரினோர்பின் சிகிச்சையை மாற்றிக்கொள்ளும் வழி

ஹெராயின் போன்ற ஓபியாய்டு போதைப் பழக்கத்திலிருந்து மீள்வோருக்குச் சிகிச்சையாகத் தரப்படும் மருந்துகள் மெதடோனும் புப்ரினோர்பினும். என் தம்பி அரசு கிளினிக் ஒன்றில் நாள்தோறும் காலையில் வரிசையில் நின்று மெதடோன் குடித்துவந்தவன். வேலையிடத்தில் 7 மணிக்கு நிற்க வேண்டும். கிளினிக்கின் கதவு திறப்பதும் 7 மணிக்குத்தான். வீட்டுக்குப் பக்கத்து மருந்தகத்தில் அதே மருந்தைப் பெற்றுக்கொள்ளலாம் என்று கிளினிக்கிலேயே சொன்னார்கள். சொன்னதோடு சரி, எந்தத் தாள் முதலில் வேண்டும், யார் யாரிடம் கேட்க வேண்டும், எத்தனை நாள் ஆகும் என்பதையெல்லாம் நாங்கள் தடுக்கி விழுந்துதான் தெரிந்துகொண்டோம். அந்தத் தடுமாற்றத்தில் ஒரு நாள் டோஸ் கைநழுவப் பார்த்தது. நியூ சவுத் வேல்ஸில் இதே மாற்றத்துக்குத் தயாராகும் தமிழர்களுக்காகவும், ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் அவர்களுடைய பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன். மற்ற மாநிலங்களில் அனுமதி முறை வேறு. மருந்தின் விலை பற்றிய பகுதி மட்டும் ஆஸ்திரேலியா முழுவதற்கும் பொருந்தும்.

இந்த மாற்றத்தில் மூன்று தரப்புகள் உண்டு: இதுவரை மருந்து கொடுத்த கிளினிக், சீட்டு எழுதும் மருத்துவர், இனிக் கொடுக்கப்போகும் மருந்தகம். மூவரிடமும் ஒரே தேதி இருந்தால் வேலை சத்தமில்லாமல் முடிந்துவிடும். நாங்கள் பட்ட பாட்டில் முக்கால்வாசி, அந்தத் தேதி பொருந்தாமல் போனதால் வந்தது.

1. இடம் மட்டும் மாறுகிறதா, மருத்துவரும் மாறுகிறாரா?

இவை இரண்டும் வெவ்வேறு மாற்றங்கள். முதல் வகையில், கிளினிக் மருத்துவரே தொடர்ந்து சீட்டு எழுதுவார். மருந்தை மட்டும் மருந்தகத்தில் பெறுவீர்கள். இரண்டாம் வகையில், சீட்டு எழுதும் பொறுப்பும் குடும்ப மருத்துவரிடம், அதாவது ஜி.பி.யிடம் போய்விடும். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்ய முயலாதீர்கள். முதலில் இடத்தை மாற்றி, இரண்டு மூன்று மாதம் பழகிய பிறகு மருத்துவரை மாற்றிக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. ஏதாவது இடறினால், உங்களை ஏற்கெனவே அறிந்த மருத்துவர் ஒருவர் தொலைபேசியின் மறுமுனையில் இருப்பார்.

மருத்துவரையும் மாற்றுவதானால், இந்த மாநிலத்தில் ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாக மாநிலச் சுகாதாரத் துறையின் அனுமதியை அந்த மருத்துவர் பெற வேண்டும். பழைய மருத்துவரின் பெயரில் உள்ள அனுமதி புதியவருக்குத் தானாக மாறாது. தனிப் பயிற்சிச் சான்று இல்லாத ஜி.பி.யும் குறைந்த எண்ணிக்கையில் நோயாளிகளை ஏற்கலாம். புப்ரினோர்பின் எடுப்பவர்களில் 20 பேர், நிலையான டோஸில் உள்ள மெதடோன் நோயாளிகளில் 10 பேர் என்பது வரம்பு. ஆகவே, “எங்களுக்கு அந்தச் சான்று இல்லை” என்று வரவேற்பு மேசையில் சொன்னால் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். மருத்துவரிடமே நேரில் கேளுங்கள். அனுமதி கிடைத்துவிட்டது என்று புதிய மருத்துவர் வாயால் சொல்லும்வரை கிளினிக்கிலிருந்து விலகக் கூடாது.

யாரை மருந்தகத்துக்கு அனுப்பலாம் என்பதைக் கிளினிக்தான் மதிப்பிடும். டோஸ் நிலையாக இருக்கிறதா, நாள் தவறாமல் வருகிறீர்களா, மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிகிச்சை தொடங்கிய முதல் வாரங்களிலும், டோஸை மாற்றிக்கொண்டிருக்கும் காலத்திலும் இந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பது நல்லது.

2. மருந்தகத்தை நீங்களே போய்ப் பாருங்கள்

எல்லா மருந்தகங்களும் இந்தச் சிகிச்சையை வழங்குவதில்லை. வழங்குபவையும் தங்களால் சமாளிக்க முடிந்த அளவு நோயாளிகளைத்தான் சேர்த்துக்கொள்ளும். கிளினிக் கொடுக்கும் பட்டியலில் ஒரு பெயர் இருக்கிறது என்பதற்காக அங்கே இடம் இருக்கிறது என்று பொருளில்லை. காலையும் மாலையும் கூட்டம் மிகுந்த வேளைகள். பிற்பகல் 2 மணியளவில் போய், மருந்தாளரைத் தனியாகப் பேசக் கேளுங்கள். நாங்கள் மூன்று மருந்தகங்களில் கேட்டோம். ஒன்றில் இடமில்லை, ஒன்றில் மெதடோன் கொடுப்பதில்லை, மூன்றாவதில் ஒப்புக்கொண்டார்கள்.

கேட்க வேண்டியவை: எந்த மணி முதல் எந்த மணி வரை டோஸ் கொடுக்கிறார்கள்? கடை இரவு 8 மணி வரை திறந்திருந்தாலும் டோஸ் கொடுக்கும் நேரம் அதைவிடக் குறுகியதாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாள்களும் திறந்திருக்குமா? இல்லையெனில் அந்நாள்களுக்கு வீட்டில் எடுக்கும் டோஸை மருத்துவர் சீட்டிலேயே எழுத வேண்டும். டோஸ் கொடுப்பது கடையின் நடுவிலா, தனி அறையிலா?

அந்தக் கடைசிக் கேள்வி நம்மவர்களுக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். சிட்னியில் நம்மவர்கள் மிகுந்த பெண்டில் ஹில்லிலோ வென்ட்வொர்த்வில்லிலோ மளிகை வாங்கப் போனால் நான்கு தெரிந்த முகங்களையாவது பார்க்காமல் திரும்ப முடியாது. மருந்தாளர் உங்கள் விவரத்தை எவரிடமும் சொல்லக் கூடாது என்பது சட்டம். பக்கத்தில் ஷாம்பு வாங்க நிற்கும் மாமிக்கு அந்தச் சட்டம் கிடையாது. வீட்டுக்கு அருகில்தான் என்று பிடிவாதம் வேண்டாம். வேலைக்குப் போகும் வழியில், ரயில் நிலையத்தை ஒட்டிய மருந்தகம் பலருக்கும் வசதி. தம்பியும் அப்படி ஒன்றைத்தான் தேர்ந்தெடுத்தான்.

3. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

நீங்கள் கொண்டுபோக வேண்டியவை: மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை, படத்துடன் கூடிய அடையாள அட்டை, ஓய்வூதியர், குறைந்த வருமானத்தினர் போன்றோருக்கு அரசு தரும் சலுகை அட்டை இருந்தால் அது, நீங்கள் எடுக்கும் மற்ற எல்லா மருந்துகளின் பட்டியல். கிளினிக்கிலிருந்து மருந்தகத்துக்கு நேரடியாகப் போக வேண்டியவை: மருந்துச் சீட்டு, உங்களை அடையாளம் காணும் புகைப்படம், கடைசி டோஸ் விவரக் கடிதம். இந்த இரண்டாம் தொகுதி உங்கள் கையில் தரப்படாது என்பதால், அது போய்ச் சேர்ந்துவிட்டதா என்பதை நீங்கள்தான் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்ய வேண்டும். “அனுப்பிவிட்டோம்” என்பதும் “வந்துவிட்டது” என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதை மருந்தகத்தின் வாயிலிருந்தே கேளுங்கள்.

தமிழர்களுக்கே உரிய ஒரு பொறி இங்கே இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக இருக்கும். மெடிகேரில் வரிசை தலைகீழாக இருக்கும். கிளினிக் கோப்பில் பத்தெழுத்துப் பெயர் ஆறெழுத்தாகச் சுருங்கியிருக்கும். கட்டுப்பாட்டுக்குள் உள்ள மருந்து என்பதால், சீட்டில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் வேறுபட்டால் மருந்தாளர் தயங்குவது நியாயம்தான். மெடிகேர் அட்டையில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே கிளினிக் கோப்பிலும் திருத்தச் சொல்லுங்கள். அட்டை எந்த மாதத்தில் காலாவதியாகிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

டோஸை எப்போதும் மில்லிகிராமில் நினைவில் வையுங்கள். இங்கே சிகிச்சைக்குக் கிடைக்கும் மெதடோன் சிரப், பயோடோன் ஃபோர்ட் ஆகிய இரண்டு திரவங்களிலும் ஒரு மில்லிலிட்டரில் 5 மில்லிகிராம் மருந்து உண்டு. தம்பியின் டோஸ் 70 மில்லிகிராம், அளவில் 14 மில்லிலிட்டர். கிளினிக்கில் “பதினாலு” என்றே கேட்டுப் பழகியவன், மருந்தகத்திலும் “என் டோஸ் 14” என்று சொல்லிவிட்டான். சீட்டில் 70 என்று இருந்தது. மருந்தாளர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கிளினிக்கை அழைத்துக் கேட்ட பிறகுதான் கொடுத்தார். அவர் செய்தது சரி. இந்த மருந்தில் எண் குழம்பினால் உயிருக்கு ஆபத்து. இரண்டு திரவங்களில் எது என்பதும் சீட்டில் இருக்க வேண்டும். மருந்தின் அளவு ஒன்றே என்றாலும் சுவையும் சேர்மானமும் வேறு.

4. எவ்வளவு செலவாகும்?

அரசு கிளினிக்கில் டோஸுக்குப் பணம் வாங்குவதில்லை. மருந்தகத்தில் பணம் உண்டு, ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. 2023 ஜூலை 1 முதல் இந்த மருந்துகள் பி.பி.எஸ். என்ற அரசு மருந்து மானியத் திட்டத்தின் கீழ் மருந்தகங்களில் கிடைக்கின்றன. ஒரு முறை செலுத்தும் பங்குத்தொகை 28 நாள் வரையான மருந்துக்குப் போதும். சலுகை அட்டை உள்ளவர்களுக்கு அது 7.70 டாலர். மற்றவர்களுக்கு 2026 ஜனவரி 1 முதல் அதிகபட்சம் 25 டாலர். ஆண்டுக்கு 13 முறை என்று கணக்கிட்டால் முன்னவருக்கு 100.10 டாலர், பின்னவருக்கு 325 டாலர். இந்தத் தொகை பி.பி.எஸ். பாதுகாப்பு வரம்புக் கணக்கிலும் சேரும்; ஆண்டு மருந்துச் செலவு அந்த வரம்பைத் தாண்டினால் பிறகு கொடுக்க வேண்டியது குறையும். எனவே குடும்பத்தின் மற்ற மருந்துகளையும் சேர்த்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

நாள்தோறும் தனியாகக் கட்டணம் வசூலிப்பது பழைய முறை. இன்னும் அப்படி யாராவது கேட்டால் ரசீது கேளுங்கள்; எதற்கான கட்டணம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். 28 நாளின் நடுவில் வேறு மருந்தகத்துக்குப் போனால் புதிய சீட்டும், அதோடு மறுபடி பங்குத்தொகையும் தேவைப்படலாம் என்பதால், மருந்தகம் மாற்றுவதைச் சுற்று முடியும் நாளோடு பொருத்திக்கொள்ளுங்கள். ஜி.பி.யிடம் போவதானால் அவர் பல்க் பில் செய்கிறாரா, அதாவது கட்டணம் முழுவதையும் மெடிகேரிடமே வாங்கிக்கொள்கிறாரா, இல்லையென்றால் ஒவ்வொரு சந்திப்புக்கும் நம் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பதை முதல் அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள். மருந்துக்கு 7.70 கொடுத்து, சந்திப்புக்குப் பல மடங்கு கொடுப்பவர்களும் உண்டு.

மேலே சொன்ன விலை மெடிகேர் உள்ளவர்களுக்கு மட்டும். இந்தியா, இலங்கை இரண்டுடனும் ஆஸ்திரேலியாவுக்குப் பரஸ்பர மருத்துவ ஒப்பந்தம் இல்லை. மாணவர் விசாவிலோ தற்காலிக வேலை விசாவிலோ வந்தவர்கள் முழு விலையைக் கொடுக்க நேரிடும். அத்தகையவர்கள் மருந்தகத்துக்கு மாறும் முன், கிளினிக்கின் சமூகப் பணியாளரிடம் கட்டாயம் பேச வேண்டும். நிரந்தர வதிவிட விசாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர்களில் பலருக்கு இடைக்கால மெடிகேர் அட்டை கிடைக்கும்.

5. தேதியைப் பொருத்துதல்

இந்த ஒரு படிக்காகத்தான் முழுக் கட்டுரையையும் எழுதுகிறேன் என்றாலும் தவறில்லை.

எங்களுக்கு நடந்தது இது. கிளினிக்கில் சனிக்கிழமை கடைசி டோஸைக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு புட்டியும் கொடுத்து அனுப்பினார்கள். திங்கள் காலை 6.45க்கு மருந்தகத்தின் முன் நின்றோம். கதவைத் திறந்த மருந்தாளர் கோப்பை எடுத்துப் பார்த்தார். பெயர் வந்திருந்தது, புகைப்படம் வந்திருந்தது, சீட்டும் வந்திருந்தது. ஆனால் அதில் தொடக்க நாள் செவ்வாய் என்று எழுதியிருந்தது. எங்கோ ஒருவர் திங்களை முதல் நாளாகவும், இன்னொருவர் செவ்வாயை முதல் நாளாகவும் எண்ணியிருக்கிறார்கள். தொடக்க நாளுக்கு முன்னால் ஒரு துளியும் கொடுக்க அவருக்கு அதிகாரமில்லை. கிளினிக்கை அழைத்தால், அவன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். மருத்துவர் அன்று வேறு கிளினிக்கில் இருந்தார். திருத்திய சீட்டு வந்து சேர்ந்தபோது பிற்பகல் 4 மணி. தம்பி அன்று வேலைக்குப் போகவில்லை. வியர்த்துக் கொட்டிக்கொண்டு, மருந்தகத்தின் எடை பார்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

ஆகவே, மாறும் தேதிக்கு மூன்று வாரம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். முதல் வாரம் மருந்தகத்தின் ஒப்புதலைப் பெறுவதற்கு, இரண்டாவது வாரம் மருத்துவர் சந்திப்புக்கும் சீட்டுக்கும், மூன்றாவது வாரம் சரிபார்ப்புக்கு. மாறும் நாளாக செவ்வாய் அல்லது புதனைக் கேளுங்கள். திங்கட்கிழமையில் வார இறுதியின் குழப்பம் ஒட்டிக்கொண்டு வரும். வெள்ளிக்கிழமை தவறினால் திருத்த ஆள் கிடைக்க மாட்டார். ஈஸ்டரையும் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையான வாரத்தையும் அறவே தவிர்த்துவிடுங்கள்.

மாறுவதற்கு இரண்டு நாள் முன்பு மருந்தகத்தை அழைத்து இந்த நான்கையும் கேளுங்கள்: சீட்டின் தொடக்க நாள் எது, முடியும் நாள் எது, டோஸ் எத்தனை மில்லிகிராம், வீட்டுக்குக் கொடுக்கும் டோஸ் எந்தெந்தக் கிழமைகளுக்கு. பிறகு கிளினிக்கை அழைத்து, கடைசி டோஸ் எந்த நாள் என்று கேளுங்கள். கடைசி நாளுக்கு அடுத்த நாளே தொடக்க நாளாக இருக்க வேண்டும். இடையில் வீட்டு டோஸ் கொடுத்திருந்தால், அதில் கடைசி டோஸுக்கு அடுத்த நாள். நாள் விடுபடுவது துன்பம். நாள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இரண்டு இடத்திலும் டோஸ் குடித்துவிடுவது அதைவிட ஆபத்து. கிளினிக் தன் பட்டியலிலிருந்து உங்களை எடுப்பதை, மருந்தகத்தில் முதல் டோஸ் முடிந்த மறுநாளுக்குத் தள்ளிவைக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு அப்படிக் கேட்கத் தோன்றவில்லை.

ஆங்கிலம் தடையாக இருந்தால் டி.ஐ.எஸ். மொழிபெயர்ப்புச் சேவையின் 131 450 என்ற எண்ணை அழைத்துத் தமிழ் என்று சொல்லுங்கள். இலவச மொழிபெயர்ப்பு வசதியை மருந்தகங்களும் பயன்படுத்தலாம். மருந்தாளருக்கு அது தெரியாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். பிள்ளைகளையோ உறவினரையோ மொழிபெயர்க்க வைப்பது வசதிதான், ஆனால் டோஸ் எண்களை மட்டும் அவர்கள் வாயில் விடாதீர்கள்.

6. முதல் நாள்

அடையாள அட்டையோடு போங்கள், அரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஓர் ஒப்பந்தத் தாளில் கையெழுத்து கேட்பார்கள். வரும் நேரம், நடத்தை, டோஸ் மறுக்கப்படும் சூழ்நிலைகள் எல்லாம் அதில் இருக்கும். வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். மெதடோனைக் குடித்த பிறகு தண்ணீர் குடித்து இரண்டு வார்த்தை பேசச் சொல்வார்கள். மருந்து விழுங்கப்பட்டதா என்று பார்ப்பதற்குத்தான் அது, அவமதிப்பதற்கு அல்ல. புப்ரினோர்பின் நாக்குக்கு அடியில் கரைய வேண்டும் என்பதால் சில நிமிடங்கள் பேசாமல் காத்திருக்க வேண்டும்.

குடித்துவிட்டோ மயக்க நிலையிலோ போனால் அன்றைய டோஸ் கிடைக்காது. அதில் வாதாடிப் பயனில்லை. தொடர்ந்து 3 நாள் தவறினால், மருத்துவரிடம் பேசாமல் மருந்தாளர் மறுபடி கொடுக்க மாட்டார். உடல் பழைய அளவைத் தாங்கும் தன்மையை அந்தச் சில நாள்களிலேயே இழக்கத் தொடங்குகிறது. பழைய டோஸை அப்படியே கொடுத்தால் மூச்சு அடங்கிவிடலாம்.

7. வீட்டுக்குக் கொண்டுவரும் டோஸ்

எத்தனை டோஸ் என்பதை மருத்துவர் முடிவு செய்வார். மருந்தகத்தில் கெஞ்சிக் கூட்டிக்கொள்ள முடியாது. பெரியவருக்கு அன்றாட டோஸாக இருக்கும் மெதடோன் ஒரு குழந்தையைக் கொன்றுவிடும். பூட்டக்கூடிய சிறு இரும்புப் பெட்டி ஒன்றை முதலிலேயே வாங்கி வையுங்கள். குளிர்பதனப் பெட்டியில், பழச்சாற்றுப் புட்டிக்குப் பக்கத்தில் வைப்பது அறவே கூடாது. புட்டி தொலைந்தாலும் உடைந்தாலும் ஈடு கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

ஓபியாய்டு அளவு மீறி மூச்சு அடங்கும்போது அதை முறிக்கும் நலோக்ஸோன் மூக்குத் தெளிப்பானையும் வாங்கி வையுங்கள். 2022 ஜூலை முதல் அது நாடு முழுவதும் சீட்டில்லாமல் இலவசமாகக் கிடைக்கிறது. எங்கே இருக்கிறது, எப்படித் தெளிப்பது என்று வீட்டில் இருக்கும் அனைவருக்கும் காட்டுங்கள். அம்மாவுக்கு நான் வெறும் பெட்டியை வைத்துக்கொண்டு மூன்று முறை செய்துகாட்டினேன். தெளித்ததும் ஆம்புலன்ஸுக்கு 000 அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஏனென்றால் மெதடோனின் வேகம் நலோக்ஸோனைவிட நீண்ட நேரம் நிற்கும்.

8. ஊசி எடுப்பவர்கள்

புவிடால் வாரம் ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ, சப்லோகேட் மாதம் ஒருமுறையும் போடப்படும் புப்ரினோர்பின் ஊசிகள். நாள்தோறும் போக வேண்டியதில்லை என்பதால் மாற்றமும் எளிது. ஆனால் ஊசியை நோயாளியின் கையில் கொடுத்தனுப்ப மாட்டார்கள். இரத்தக் குழாயில் ஏற்றினால் உயிர்போகும் என்பதால், அது மருந்தகத்திலிருந்து ஊசி போடுபவரிடம் நேராகப் போக வேண்டும். எனவே யார் போடுவார், மருந்தாளரா ஜி.பி.யா, எந்த நாளில் அது அங்கே இருக்கும் என்பதை ஒரு வாரம் முன்பே பேசி முடியுங்கள்.

9. சீட்டு முடியும் நாள்

முதல் மாதம் நல்லபடி போன பிறகு எல்லோரும் மறப்பது இதைத்தான். சீட்டின் கடைசி நாள் கடந்துவிட்டால், மூன்று ஆண்டு பழகிய மருந்தாளரானாலும் கொடுக்க முடியாது. கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்பு மருத்துவர் சந்திப்பு இருக்கும்படி, ஒவ்வொரு சந்திப்பிலும் அடுத்ததைப் பதிவு செய்துவிட்டே எழுந்திருங்கள். சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கல்யாணம், செத்த வீடு என்று போக நேர்ந்தால் மருத்துவரின் கடிதமும், அந்நாட்டுத் தூதரகத்தின் விதிகளும் தேவை. அதற்கு வாரக்கணக்கில் நேரம் பிடிக்கும். வேறு மாநிலத்துக்கு நான்கு நாள் போவதற்கே அங்குள்ள மருந்தகத்தோடு முன்கூட்டி ஏற்பாடு வேண்டும்.

மருந்தகத்திலோ கிளினிக்கிலோ தீராத சிக்கல் என்றால் 1800 642 428 என்ற எண்ணில் இந்த மாநிலத்தின் ஓபியாய்டு சிகிச்சை உதவி இணைப்பு இருக்கிறது. அது வேலை நாள்களில் அலுவலக நேரத்தில் மட்டும். அந்நேரம் தாண்டினால் மது, போதைப்பொருள் தகவல் சேவையின் 1800 250 015. தம்பி இரண்டு எண்களையும் எழுதி, டோஸ் பெட்டியின் மூடிக்கு உட்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறான்.